சாயங்காலம் ஆறரைக்கு போறதுக்கு ஒரு இடம்: ஏஏ மீட்டிங், என் 2 வருஷ அனுபவம்

இத எழுதணும்னு ஒரு வருஷமா நினைச்சுட்டே இருக்கேன். பரோட்டா கடைக்கு ரிவ்யூ இருக்கு, பைக் சர்வீஸுக்கு இருக்கு, மிக்சிக்கு இருக்கு. ஆனா குடிய விடணும்னு நினைக்கிற ஒருத்தன் ராத்திரி 2 மணிக்கு எந்திரிச்சு உக்காந்து போன்ல தேடுனா தமிழ்ல என்ன கிடைக்குது, பாதி விளம்பரம், சாப்பாட்டுல தெரியாம கலக்குற பவுடர், 15 நாள்ல கேரண்டின்னு போட்ட ஒரு செல் நம்பர். நானும் அப்படி தேடுனவன் தான். அன்னைக்கு யாராவது இத சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்குமேன்னு எனக்கு தோணுறத எல்லாம் இங்க எழுதுறேன், நீளமா தான் வரும், பொறுத்துக்கோங்க.

நான் அம்பத்தூர் எஸ்டேட்ல சிஎன்சி ஆபரேட்டர், கம்ப்யூட்டர்ல ஓடுற மெஷின்ல இரும்பு பாகம் கடையுற வேலை. ஐடிஐ முடிச்ச வருஷம் பீர்ல ஆரம்பிச்சது, கல்யாணத்துக்கு அப்புறம் ஷிப்ட் முடிஞ்சா ஒரு கட்டிங், அப்புறம் குவார்ட்டர், கடைசி 4 வருஷம் காலையில உள்ள போனா தான் மைக்ரோமீட்டர பிடிக்கவே முடியும்ங்கிற நிலைமை. இந்த தொழில்ல இருக்கவங்களுக்கு தெரியும், 0.01 மில்லிமீட்டர் பாக்குற வேலை, விரல் ஆடுனா ரீடிங் மாறிடும். கடை 12 மணிக்கு தான் தொறக்கும், அதுக்கு முன்னாடி எங்க கிடைக்கும்னு தெரிஞ்சவனுக்கு தெரியும், எனக்கு நல்லா தெரியும். 2023 ஜூன்ல அரசாங்கம் 500 கடைய மூடுனப்ப நான் வழக்கமா போற கடையும் போச்சு, என் பொண்டாட்டி அன்னைக்கு சாமிக்கு கற்பூரம் ஏத்துனா, நான் அதே சாயங்காலம் பத்து நிமிஷம் கூட நடந்து அடுத்த கடைக்கு போனேன். கடைய மூடுனதால என் கால் நிக்கல, அது தான் உண்மை.

நேரா விஷயத்துக்கு வர்றேன். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமா ஏஏ, குடிய விடணும்னு நினைக்கிறவங்க கூடி ஒருத்தருக்கு ஒருத்தர் உதவிக்கிற குழு. எனக்கு வேலை செஞ்சுச்சு, 2 வருஷம் தாண்டிருச்சு. 1935ல அமெரிக்காவுல ஆக்ரன்ங்கிற ஊர்ல ஆரம்பிச்சது, ஒருத்தர் ஷேர் மார்க்கெட் ஆளு, இன்னொருத்தர் சர்ஜன், ரெண்டு பேருமே குடியில அழிஞ்சவங்க. டாக்டர் சொல்லி கேக்கல, பொண்டாட்டி அழுது கேக்கல, ஆனா இன்னொரு குடிநோயாளி பக்கத்துல உக்காந்து தன் கதைய சொன்னப்ப கேட்டுச்சு. இன்னைக்கு வரைக்கும் மொத்த மெக்கானிசமும் அவ்வளவு தான். பீஸ் கிடையாது, பாரம் கிடையாது, ஆதார் கேக்க மாட்டாங்க. சேர ஒரே ஒரு தகுதி தான், குடிய நிறுத்தணும்ங்கிற ஆசை இருந்தா போதும். நிறுத்தியிருக்கணும்னு கூட இல்ல, ஆசை இருந்தா போதும். கடைசியில ஒரு பை சுத்தி வரும், இருந்தா 10 ரூபா 20 ரூபா போடலாம், இல்லைன்னா பக்கத்துல இருக்கவர்கிட்ட தள்ளி விடலாம், யாரும் பாக்க மாட்டாங்க. வெளியில இருந்து எவ்ளோ பெரிய பணக்காரர் நன்கொடை கொடுத்தாலும் வாங்க கூடாதுன்னு அவங்க மரபுலயே இருக்கு.

மீட்டிங் பத்தி சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லியே ஆகணும், இத மட்டுமாவது படிச்சுட்டு போங்க. தினமும் காலையிலயே குடிக்கிற ஆளா இருந்தா, வைராக்கியம் வந்துருச்சுன்னு இன்னைக்கே டக்குனு நிறுத்தாதீங்க, முதல்ல டாக்டர பாருங்க. நான் அப்படி தான் நிறுத்துனேன், மக பொறந்தநாளுக்கு சத்தியம் பண்ணி. முதல் நாள் வேர்வை, நடுக்கம், தூக்கமில்ல, ரெண்டாவது நாள் மதியம் சோத்து தட்டுக்கு முன்னாடியே வலிப்பு வந்து விழுந்துட்டேன். மக முன்னாடி. ஆஸ்பத்திரியில மூணாவது ராத்திரி செவுத்துல எறும்பு வரிசை வரிசையா போகுதுன்னு தட்டிட்டே இருந்தேனாம், அங்க எறும்பே இல்ல. பழகுன உடம்புக்கு திடீர்னு சரக்கு நின்னா மூளை அப்படி தெறிக்கும், சில பேருக்கு உயிரே போயிடும். அதுக்கு மருந்து இருக்கு, பி1 வைட்டமின் ஊசி போடுவாங்க, நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்து படிப்படியா குறைப்பாங்க, ஒரு வாரம் பத்து நாள்ல உடம்பு ஒரு நிலைக்கு வரும். அந்த வேலைய மீட்டிங் செய்யாது, மீட்டிங் ஆஸ்பத்திரி இல்ல. உடம்பு சரியான பதினோராவது நாள் சாயங்காலம் என்ன பண்ணுவீங்கங்கிறது தான் மீட்டிங்கோட வேலை.

அதுக்கு முன்னாடி ஒரு தனியார் மறுவாழ்வு மையத்துலயும் இருந்திருக்கேன், பேரு வேண்டாம். ஒரு நாள் விடியற்காலை 4 பேர் வேன்ல வந்து தூக்கிட்டு போனாங்க, என் மச்சான் பணம் கட்டியிருந்தாரு, நல்லது தான் நினைச்சாரு. அங்க 3 மாசம், ஒரு ஹால்ல 30 பேருக்கு மேல, டாக்டர நான் பாத்தது ரெண்டு தடவ, அடி வாங்குனது எத்தனை தடவன்னு கணக்கு இல்ல. வெளிய வந்த அன்னைக்கே குடிச்சேன். ஆத்திரத்துல குடிச்சேன். எல்லா மையமும் அப்படின்னு சொல்லல, நல்லா நடத்துறவங்க இருக்காங்க, ஆனா சேர்க்குறதுக்கு முன்னாடி மாநில மனநல ஆணையத்துல பதிவு இருக்கா, டாக்டர் யாரு, எத்தனை நாளைக்கு ஒரு தடவ வருவாரு, வீட்டு ஆளுங்க உள்ள வந்து பாக்க விடுவாங்களா, இத எல்லாம் வாய் விட்டு கேளுங்க. பதில் சொல்ல முழிச்சா அந்த இடம் வேண்டாம்.

சரி, மீட்டிங்க எப்படி கண்டுபிடிச்சேன்னு சொல்றேன், ஏன்னா இதுல தான் நிறைய பேரு பாதியில விட்டுடுறாங்க. ஆஸ்பத்திரி கவுன்சிலர் அக்கா ஏஏ போங்கன்னு சொன்னாங்க, நான் வீட்டுக்கு வந்து போன்ல தேடி ஒரு லிஸ்ட் பாத்தேன், யாரோ எப்பவோ போட்டது, எங்க ஏரியாவுக்கு பக்கத்துல ஒரு ஸ்கூல் அட்ரஸ் இருந்துச்சு. குளிச்சு சட்டை மாத்தி போனேன். கேட்டு பூட்டியிருந்துச்சு. வாட்ச்மேன் ஐயா "அவங்க வேற எடத்துக்கு மாறி ஒரு வருஷம் ஆச்சேப்பா" ன்னு சொன்னாரு. திரும்பி வர்ற வழியில தான் கடை. அன்னைக்கு குடிச்சேன். இத ஏன் சொல்றேன்னா, மீட்டிங் நடக்குற இடமும் நேரமும் மாறிட்டே இருக்கும், சொந்த கட்டடம் கிடையாது, சர்ச் ஹால், ஸ்கூல் ரூம், கம்யூனிட்டி சென்டர் இப்படி யாரு இடம் கொடுக்குறாங்களோ அங்க நடக்கும். அதனால அட்ரஸ மட்டும் நம்பி போகாதீங்க, போன் பண்ணி "இன்னைக்கு நடக்குதா, எத்தனை மணிக்கு" ன்னு கேட்டுட்டு போங்க. முடிஞ்சா "நான் புதுசு, வாசல்ல யாராவது நிப்பீங்களா" ன்னு கேளுங்க, கண்டிப்பா நிப்பாங்க, அவங்களுக்கு அது ஒரு சேவை.

ரெண்டாவது தடவ கவுன்சிலர் அக்காவே ஒரு நம்பர் கொடுத்தாங்க, பெரம்பூர் பக்கம் ஒரு சர்ச் காம்பவுண்டு, வியாழக்கிழமை 6.30. நான் 6 மணிக்கே போயிட்டேன், ஆனா உள்ள போகல, எதிர்ல பஸ் ஸ்டாப்ல உக்காந்துட்டேன், மூணு பஸ் வந்து போச்சு. தெரிஞ்சவன் எவனாவது பாத்துட்டா என்ன சொல்றதுன்னு தான் மனசு ஓடுது, பார் வாசல்ல லுங்கி அவுந்து கிடந்தப்ப ஊரே பாத்துச்சு, அதுக்கு வராத வெக்கம் இதுக்கு வந்துச்சு. அப்ப வெள்ளை சட்டை போட்ட ஒரு பெரியவர், கையில பால் பாக்கெட் பை, என்னைய தாண்டி போனவர் திரும்பி வந்தாரு. "யாரையாச்சும் தேடுறீங்களா தம்பி?" இல்லண்ணேன்னு சொன்னேன். அவரு என் கைய பாத்தாரு, மூஞ்சிய பாக்கல, கைய தான் பாத்தாரு. "மீட்டிங்கா? வாங்க, நானும் அங்க தான் போறேன், ஒத்தையில போறதுக்கு ரெண்டு பேரா போவோம்."

உள்ள ஒரு டியூப்லைட் ரூம், பத்து பதினஞ்சு பிளாஸ்டிக் சேர், செவுத்துல 12 படியும் 12 மரபும் எழுதுன பேனர், படின்னா குடிய விட்டு நிக்க நாம ஒவ்வொண்ணா செய்ய வேண்டியது, மரபுன்னா குரூப் நடத்துற முறை. அந்த பெரியவர் மூலையில ஸ்டவ்வ பத்த வச்சு டீ போட்டாரு. எல்லாருக்கும் டம்ளர் நிறைய ஊத்துனாரு, எனக்கு மட்டும் பாதி ஊத்துனாரு. முதல்ல எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு, புதுசா வந்தவன்னு குறைச்சு ஊத்துறாரு போலன்னு. டம்ளர வாங்குனப்ப தான் புரிஞ்சுச்சு, நிறைய ஊத்தியிருந்தா சட்டையில தான் கொட்டியிருக்கும், கை அப்படி ஆடுச்சு. அவருக்கு தெரியும், 19 வருஷத்துக்கு முன்னாடி அவர் கையும் அப்படி ஆடுனது தான். ஒரு வார்த்தை பேசாம ஒரு மனுஷன் மானத்த காப்பாத்துறது எப்படின்னு நான் அன்னைக்கு பாத்தேன். என் சொந்தக்காரங்க யாரும் 10 வருஷத்துல எனக்கு அத பண்ணல, அவங்கள குறை சொல்லல, அவங்களுக்கு தெரியாது, இவருக்கு தெரிஞ்சுது.

மீட்டிங் நடக்குற முறைய சொல்லிடுறேன், தெரியாம பயந்துட்டு நிறைய பேரு போறதில்ல. ஒரு நிமிஷ மௌனம், மன அமைதிக்காக ஒரு சின்ன பிரார்த்தனை, படிகள ஒருத்தர் வாசிப்பாரு, அப்புறம் ஒவ்வொருத்தரா எந்திரிச்சு ஷேரிங். "என் பேரு இன்னது, நான் ஒரு குடிநோயாளி" ன்னு ஆரம்பிப்பாங்க, முதல் பேரு மட்டும் தான், ஊரு, ஜாதி, வேலை எதுவும் வேண்டாம். ஒருத்தர் பேசும்போது நடுவுல யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க, முடிச்ச பிறகு அட்வைஸ் பண்ண மாட்டாங்க. புதுசா போனவங்க பேசியே ஆகணும்னு கட்டாயம் இல்ல, நான் முதல் 3 மீட்டிங் வாயே தொறக்கல. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சுடும். ஓப்பன் மீட்டிங்னா வீட்டு ஆளுங்க, டாக்டர், யாரு வேணும்னாலும் வந்து கேக்கலாம், க்ளோஸ்டுன்னா குடி பிரச்சனை உள்ளவங்க மட்டும். இங்க பாத்தவங்கள, இங்க கேட்டத, இங்கயே விட்டுட்டு போகணும்ங்கிறது எழுதி வச்ச விஷயம், இந்த 2 வருஷத்துல என் கதை வெளிய போனதா நான் கேள்விப்படல.

அந்த "குடிநோயாளி" ங்கிற வார்த்தை பத்தி ஒண்ணு. ஊர்ல எனக்கு பேரே குடிகாரன் தான். குடிகாரன்னா அது ஒரு திட்டு, அதுக்கு பதிலா நீங்க பண்ண முடிஞ்சது ரெண்டு தான், தலை குனியலாம் இல்ல சண்டைக்கு போகலாம். நோயாளின்னு சொன்னா மருந்து சாப்பிடலாம், தினமும் கவனமா இருக்கலாம், சுகர் பேஷண்ட் மாதிரி. வெறும் ஒரு வார்த்தை மாத்துனது தான், ஆனா முதல் தடவ அத என் வாயால சொன்னப்ப நெஞ்சுல இருந்து ஒரு பாரம் எறங்குச்சு, நான் பண்ணதுக்கு எல்லாம் அது சாக்கு இல்ல, ஆனா எங்க இருந்து ஆரம்பிக்கணும்னு தெரிஞ்சுது.

எனக்கு இது ஒட்டுன நாள் ரெண்டாவது மீட்டிங். பேங்க்ல வேலை பாக்குற ஒரு சார் பேசுனாரு, நல்ல இஸ்திரி போட்ட சட்டை, பாத்தா இவருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு தான் தோணும். அவரு சொன்னாரு, வீட்டுல சந்தேகம் வரக்கூடாதுன்னு சாயங்காலம் பையன கூட்டிட்டு கடைக்கு போவேன், பிஸ்கட் வாங்கி கொடுத்து பெட்டிக்கடை பெஞ்சுல உக்கார வச்சுட்டு உள்ள போய் அடிச்சுட்டு வருவேன், ஒரு நாள் நேரமாயிடுச்சு, வந்து பாத்தா பையன் பிஸ்கட்ட பிரிக்காம அப்படியே கையில வச்சுட்டு ரோட்டையே பாத்துட்டு இருந்தான்னு. அவரு அதுக்கு மேல பேசல. எனக்கு மூச்சு நின்னு போச்சு. நான் அதையே தான் பண்ணேன், மகள. அதே மாதிரி பெட்டிக்கடை, அதே மாதிரி பிஸ்கட். உலகத்துல இத பண்ண ஒரே ஜென்மம் நான் தான்னு நினைச்சுட்டு இருந்தேன், யார்கிட்டயும் சொல்லல, பொண்டாட்டிக்கு கூட தெரியாது. இந்த சார் அத நின்னுகிட்டு எல்லார் முன்னாடியும் சொல்றாரு, குடிச்சு 6 வருஷம் ஆச்சுன்னும் சொல்றாரு. அப்ப எனக்கும் முடியுமோன்னு முதல் தடவையா ஒரு எண்ணம் வந்துச்சு. அட்வைஸ் எத்தனையோ கேட்டிருக்கேன், அதுல ஒண்ணு கூட இத பண்ணல.

இப்ப என் தலைப்புக்கு வர்றேன். குடிக்கிறவனுக்கு சாயங்காலம் ஆறுல இருந்து எட்டு தான் கண்டம். ஷிப்ட் விட்டாச்சு, உடம்பு களைச்சு போச்சு, பசி, சூப்பர்வைசர் திட்டுனது மனசுல ஓடுது, கால் தானா ஒரு பக்கம் திரும்பும். பார்ல நமக்கு கிடைச்சது சரக்கு மட்டும் இல்லங்க, போறதுக்கு ஒரு இடம், நம்ம பேரு சொல்லி கூப்பிட நாலு பேரு, உக்கார ஒரு சேர். குடிய நிறுத்துனா அந்த இடமும் போயிடுது, அந்த நேரம் மட்டும் அப்படியே காலியா நிக்குது. டாக்டர் மாத்திரை கொடுக்கலாம், ஆனா அந்த ரெண்டு மணி நேரத்துக்கு மாத்திரை இல்ல. மீட்டிங் சரியா அந்த நேரத்துல வந்து உக்காந்துடுது, 6.30க்கு போறதுக்கு ஒரு இடம், பேரு சொல்லி கூப்பிட நாலு பேரு, ஒரு சேர், ஒரு டீ. 8 மணிக்கு வெளிய வந்தா பசி தான் இருக்கும், வேட்கை இருக்காது, நேரா வீட்டுக்கு சாப்பிட போயிடலாம். புதுசா வர்றவங்களுக்கு 90 நாள்ல 90 மீட்டிங் போங்கன்னு சொல்றது இதுக்கு தான். நான் 90 போகல, ஷிப்ட் விடல, 60 சொச்சம் போனேன், வேற வேற ஏரியாவுல வேற வேற குரூப், பெரம்பூர், வில்லிவாக்கம், கீழ்ப்பாக்கம்னு ட்ரெயின்லயும் பஸ்லயும் அலைஞ்சேன். நைட் ஷிப்ட் வாரத்துல ஜூம்ல மதிய மீட்டிங் போட்டு இயர்போன மாட்டிட்டு படுத்துட்டே கேட்டேன். 2020 ஊரடங்குக்கு அப்புறம் ஆன்லைன் மீட்டிங் நிறைய வந்துருச்சு, கிராமத்துல இருக்கவங்களுக்கும் வெளிநாட்டுல இருக்கவங்களுக்கும், முக்கியமா நாலு ஆம்பள நடுவுல போய் உக்கார முடியாத பொண்ணுங்களுக்கும் அது பெரிய வழி. ஆனா கிட்டத்துல ஒரு ரூம் இருந்தா ரூமுக்கே போங்க, ஸ்கிரீன்ல பாதி டம்ளர் டீ கிடைக்காது.

47வது நாள் குடிச்சேன். மறைக்க ஒண்ணும் இல்ல. பெரியப்பா காரியம், ஊர்ல, பங்காளிங்க எல்லாம் சுத்தி உக்காந்துட்டாங்க, ஒரு கட்டிங் தானேன்னாங்க. நாலு நாள் ஓடுச்சு. திரும்ப மீட்டிங்குக்கு போற தைரியம் இல்ல, எல்லார் மூஞ்சியிலயும் எப்படி முழிக்கிறதுன்னு. கடைசியில டாக்டர்ட்ட போய் மாத்திரை வாங்கிட்டு வியாழக்கிழமை போனேன். டீ போடுற பெரியவர் என்னைய பாத்தாரு, கைய பாத்தாரு, மறுபடி பாதி டம்ளர் ஊத்துனாரு. எங்க போனீங்க, என்ன ஆச்சு, ஒண்ணும் கேக்கல. ஒருத்தர் மட்டும் "சொன்னா கேட்டா தானே" ன்னு சத்தமா சொன்னாரு, அது வலிச்சுச்சு, எல்லா இடத்துலயும் அப்படி ஒருத்தர் இருப்பாரு. ஆனா அன்னைக்கு அந்த பாதி டம்ளர் என்னைய உக்கார வச்சுச்சு. அதுக்கு அப்புறம் இன்னைக்கு வரைக்கும் தொடல.

அன்னைக்கு ராத்திரி தான் ஸ்பான்சர் கேட்டேன். ஸ்பான்சர்னா நமக்கு முன்னாடி நிறுத்தி, படிகள செஞ்சு பாத்த ஒரு ஆளு, நமக்குன்னு ஒருத்தர், எப்ப வேணும்னாலும் போன் பண்ணலாம். என் ஸ்பான்சர் அண்ணன் ஆட்டோ ஓட்டுறவரு. அவரு எனக்கு கொடுத்த முதல் வேலை, தினமும் காலையில எந்திரிச்ச உடனே "அண்ணே இன்னைக்கு குடிக்கல" ன்னு ஒரு போன், நாளைக்கு பத்தி பேச கூடாது, இன்னைக்கு மட்டும். ரெண்டாவது, வேட்கை வந்தா நாலு கேள்வி கேளு, பசிக்குதா, கோபமா இருக்கியா, தனியா இருக்கியா, களைச்சிருக்கியா. சத்தியமா சொல்றேன், பாதி நேரம் பசி தான். சோறு தின்னா போயிடும். தீபாவளி அன்னைக்கு மதியம் தாங்க முடியாம போன் பண்ணேன், மட்டன் சாப்பாடு, மச்சானுங்க மாடியில ஆரம்பிச்சுட்டாங்க, வாசனை கீழ வருது. "பத்து நிமிஷம் மொட்டை வெயில்ல நில்லு, வர்றேன்" னாரு. பண்டிகை சவாரிய விட்டுட்டு வந்தாரு, என்னைய ஏத்திட்டு மெரினா வரைக்கும் சும்மா ஓட்டிட்டு திரும்ப கொண்டு வந்து விட்டாரு, வழி முழுக்க அவரு பொண்ணு காலேஜ் பீஸ் பத்தி தான் பேசுனாரு. காசு கொடுத்தேன், வாங்கல. "இது எனக்கு தாண்டா மருந்து, உன்னைய ஏத்துனா தான் நான் குடிக்காம இருப்பேன்" ன்னாரு.

கடவுள் விஷயம். நிறைய பேரு இதுல தான் தயங்குறாங்க, சர்ச்ல நடக்குதே மதம் மாத்துவாங்களோன்னு என் மாமியாரே பயந்தாங்க. இல்ல. சர்ச் வாடகைக்கு இடம் தான் கொடுக்குது. எங்க ரூம்ல சபரிமலைக்கு மாலை போட்டவர் இருக்காரு, தொழுகை முடிச்சுட்டு தொப்பியோட வர்ற பாய் இருக்காரு, கருப்பு சட்டை போட்ட பெரியார் தொண்டர் ஒருத்தர் இருக்காரு. படிகள்ல கடவுள்னு வரும், ஆனா "அவரவர் புரிஞ்சுகிட்டபடி" ன்னு கூடவே வரும். கருப்பு சட்டை அண்ணன்கிட்ட கேட்டேன், நீங்க எப்படிண்ணேன்னு. "எனக்கு மேல ஒரு சக்தி இருக்குன்னு ஒத்துக்கணும், அவ்வளவு தான? இந்த ரூம்ல இருக்க 15 பேரு தான் என் சக்தி, நான் தனியா நிறுத்த முடியல, இவங்களோட சேர்ந்து முடிஞ்சுது, இதுல என்ன மூடநம்பிக்கை இருக்கு" ன்னாரு. எனக்கு அது போதுமா இருந்துச்சு. படிகள்ல எனக்கு கஷ்டமா இருந்தது கடவுள் இல்ல, யார் யாருக்கு கெடுதல் பண்ணோம்னு லிஸ்ட் எழுதி நேர்ல போய் சரி பண்றது. அம்மா வளையல் ரெண்டு அடகுல மூழ்கி போச்சு, நான் வச்சது. மாசம் மாசம் கட்டி அதே எடையில ஒண்ணு வாங்கி கொடுத்துட்டேன், இன்னொண்ணு பாக்கி இருக்கு.

குறைகளும் சொல்லணும். ஒவ்வொரு குரூப்பும் தனி, அவங்கவங்க முடிவு அவங்கவங்க எடுக்குறது தான் மரபு, அதனால ஒரு ரூம் மாதிரி இன்னொண்ணு இருக்காது. ஒரு இடத்துல ஒருத்தரே 45 நிமிஷம் பேசி மத்தவங்களுக்கு நேரமே இல்லாம போச்சு. சில பேரு நிறுத்துன கதைய விட குடிச்ச கதைய ரசிச்சு சொல்லுவாங்க, புதுசா நிறுத்துனவனுக்கு நாக்குல எச்சில் ஊறும், நான் வெளிய போய் தண்ணி குடிச்சுட்டு வந்திருக்கேன். தமிழ் வாசிப்பு சில இடத்துல ரொம்ப செந்தமிழா இருக்கு, எழுத படிக்க தெரியாத ஒரு அண்ணனுக்கு ஒண்ணும் புரியல, அப்புறம் பக்கத்துல இருந்தவர் பேச்சு தமிழ்ல சொல்லி கொடுத்தாரு. ஒரு பழைய ஆளு என்கிட்ட "மனநல மாத்திரையும் ஒரு போதை தான், அதையும் விடு" ன்னு சொன்னாரு, இது ரொம்ப தப்பு, உறுப்பினருங்க டாக்டர் வேலை பாக்க கூடாதுன்னு ஏஏவே தெளிவா சொல்லுது. மாத்திரைய டாக்டர் சொல்லாம நிறுத்தாதீங்க. முதல் ரூம் பிடிக்கலன்னா ஏஏ பிடிக்கலன்னு முடிவு பண்ணாதீங்க, குறைஞ்சது நாலு அஞ்சு குரூப் போய் பாருங்க, டீ கடை மாதிரி தான், ஒரு கடை டீ கைச்சா டீயே குடிக்கிறத விட்டுடுறோமா.

இதெல்லாம் ஆறுதல் தான், அறிவியல் இல்லன்னு சொல்றவங்களுக்கு: 2020ல காக்ரேன்ங்கிற மருத்துவ ஆய்வு அமைப்பு 27 ஆய்வுகள, மொத்தம் 10,565 பேர வச்சு அலசி பாத்துச்சு. ஏஏவோட கொண்டு போய் சேர்க்குற முறையான சிகிச்சையில இருந்தவங்க, மத்த சிகிச்சைகள்ல இருந்தவங்கள விட முழுசா குடிய விட்டு நிக்கிறதுல முன்னாடி இருந்தாங்க, ஒரு வருஷ கணக்குல 100க்கு 42, அந்த பக்கம் 35. அப்ப 58 பேருக்கு முடியலையேன்னு கேக்கலாம். ஆமா, முடியல. எங்க ரூம்லயே ரெண்டு பேர நாங்க சுடுகாட்டுக்கு கொண்டு போயிருக்கோம். அதனால ஏஏ மட்டும் தான் வழின்னு நான் சொல்ல மாட்டேன், டாக்டர், மாத்திரை, கவுன்சிலிங், மீட்டிங் எது எது ஒத்து வருதோ எல்லாத்தையும் பிடிச்சுக்கோங்க.

வீட்டுல இருக்கவங்களுக்கு. அல்-அனான்னு தனியா மீட்டிங் இருக்கு, 1951ல ஏஏ ஆளுங்களோட மனைவிங்க சேர்ந்து ஆரம்பிச்சது. என் பொண்டாட்டிட்ட சொன்னப்ப "குடிச்சது நீ, மீட்டிங் நான் போகணுமா" ன்னு கரண்டிய விட்டெறிஞ்சா, நியாயம் தான். ஆறு மாசம் கழிச்சு போனா. மூணு விஷயம் அங்க சொல்லி கொடுத்தாங்களாம், இந்த குடிக்கு நீ காரணம் இல்ல, உன்னால இத கட்டுப்படுத்த முடியாது, உன்னால குணப்படுத்தவும் முடியாது. அன்னைக்கு வந்து ரொம்ப நேரம் அழுதா. 11 வருஷமா தான் சரியா நடந்துக்காததால தான் நான் குடிச்சேன்னு அவ நினைச்சிருக்கா, என் அம்மாவும் அப்படி தான் சொல்லிட்டு இருந்தாங்க. இப்ப என் சட்டை பைய தேடுறதில்ல, வாய மோந்து பாக்குறதில்ல. இன்னொண்ணு, புருஷனுக்கு தெரியாம சாப்பாட்டுல மாத்திரை கலந்து கொடுக்குறத தயவு செஞ்சு பண்ணாதீங்க அக்கா. அதுல ஒரு வகை மாத்திரை உள்ள இருக்கும்போது சரக்கு போனா பிரஷர் இறங்கி நெஞ்சடைச்சு உயிருக்கே ஆபத்தாகும். டாக்டர் கொடுக்கணும், சாப்பிடுறவருக்கு தெரிஞ்சு, அவரு சம்மதிச்சு சாப்பிடணும்.

எங்க ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா: அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி எதுலயும் மனநல பிரிவு இருக்கும், ஓபி சீட்டு போட்டு போங்க, காசு இல்ல. 2025ல அரசு கலங்கரைன்னு மீட்பு மையங்கள் ஆரம்பிச்சிருக்கு, கீழ்ப்பாக்கத்துல ஒண்ணு இருக்கு. சென்னையில இந்திரா நகர்ல டிடிகே ஆஸ்பத்திரி இருக்கு, புருஷன குடிக்கு பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மா 1980ல ஆரம்பிச்சது, இந்த வேலைக்கு தான் 1992ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. போன்ல பேசணும்னா 14446 போதை மீட்புக்கான தேசிய உதவி எண், 14416 மனநல உதவி எண், ரெண்டும் இலவசம். எங்க போனாலும் "பக்கத்துல ஏஏ மீட்டிங் எங்க நடக்குது" ன்னு கேளுங்க, கவுன்சிலருங்ககிட்ட நம்பர் இருக்கும்.

கமெண்ட்ல யாராவது சந்தேகம் கேட்டா எனக்கு தெரிஞ்சத சொல்றேன், ஆனா ராத்திரி தான் பதில் வரும். இன்னைக்கு வியாழன். டீ பெரியவருக்கு முட்டி ஆபரேஷன், மூணு வாரமா ஸ்டவ் என் பொறுப்பு, ரெண்டு பாக்கெட் பால் வாங்கிட்டு 6 மணிக்குள்ள போகணும். போன வாரம் ஒரு பையன் வந்தான், 24 வயசு இருக்கும், வாசல் பக்கத்து சேர்லயே உக்காந்துட்டு டீ வேண்டாம்னு சொல்லிட்டான், கைய தொடைக்கு கீழ வச்சு அமுக்கிட்டே இருந்தான். இன்னைக்கு வந்தான்னா நானே கொண்டு போய் கொடுக்கணும்.